விரிசலை மறைத்த அலுமாரி

வீட்டுக்கு வருபவர் என்னை ஏழை என்று நினைத்துவிடக் கூடாது என்ற அற்ப ஆசையால், ஏழைகளுக்கான வீட்டை நானே இழந்தேன்.

கட்டுகஸ்தோட்டை மலைச்சரிவில் இருக்கிறது எங்கள் வீடு. பின்சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல். மழை பெய்தால் மண் உள்ளே வரும். அரசாங்க வீட்டுத் திட்டத்துக்கு நாலாவது தடவை விண்ணப்பித்த பிறகு, அதிகாரி ஒருவர் பார்வையிட வருவதாகக் கடிதம் வந்தது. உடனே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன். பக்கத்து வீட்டு அலுமாரியை நாலு பேரைக் கொண்டு தூக்கி வந்து விரிசலை மறைத்தேன்.

வந்தவர் வடையும் பால் டீயும் சாப்பிட்டார். "இவ்வளவு நல்ல வீடு இருக்கே ஐயா, பிறகு ஏன் இன்னொன்னு?" என்று கேட்டு, அதையே எழுதியும் கொண்டார். பதறிப்போய் அலுமாரியைத் தள்ளினேன்; அது அசையவில்லை.

"விண்ணப்ப ஃபோம் நெரப்பியாச்சு. அடுத்த முறை பாப்போம்" என்று ஓட்டோவில் ஏறிவிட்டார்.

"இந்த மழைக்குப் புள்ளைகள எங்கங்க படுக்க வைக்கிறது?" என்றாள் மனைவி.

இப்போது யார் வந்தாலும் முதலில் விரிசலைத்தான் காட்டுகிறேன். போன வாரம் வந்தவர் அதைப் பொறுமையாகக் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"பாவந்தான் ஐயா. ஆனா நான் கரண்ட் மீட்டர் பாக்க வந்த ஆள்."