ஏசியை அணைத்த அரை மணி நேரம்

மின்னலைப் பார்க்கக் காசு கட்டிப் போகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இருந்ததில்லை. இடி இடித்தால் டிவி ஒயரைப் பிடுங்கிவிட்டு மூலையில் ஒடுங்குகிற வம்சம் நாங்கள். நாங்கள் வேலைக்காக வந்திருக்கும் ஓமானின் சோஹார் நகரத்திலோ கோடையில் மலைப்பக்கம் மேகம் கட்டினால் துரத்திப் பிடித்துப் படமெடுக்க ஒரு வழிகாட்டி, அவருக்கு ஒரு வாட்ஸப் குழு, வெள்ளிக்கிழமைகளில் கார்களின் ஊர்வலம். அதில் எங்கள் இருவர் பெயரையும் கொடுத்தவள் என் மனைவி. நான் முணுமுணுத்தேனே தவிர மறுக்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவளாக ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான்.

எங்கள் குழந்தை ஐந்தாம் மாதத்தில் வயிற்றிலேயே போய்விட்டது. அதற்குப் பிறகு வீட்டில் பேச்சு வற்றிவிட்டது. சாப்பிட்டாச்சா, டூட்டி எப்போது என்பதோடு சரி, மிச்ச நேரமெல்லாம் ஏசியின் இரைச்சல்தான். ஊருக்குப் போகிறேன், டிக்கெட் போடுங்கள் என்று ஒருநாள் சொன்னாள். திரும்பி வருவதைப் பற்றி அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போனால் வரமாட்டாள் என்று பயந்தேன். இன்று நாளை என்று டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் புறப்பட்டோம். வழிகாட்டி ஒரு பாகிஸ்தான்காரர். முன் வண்டியிலிருந்து போனில் எல்லோருக்கும் ஓர் உத்தரவு போட்டார். ஏசியில் குளிர்ந்த கேமராவை வெளிப்புழுக்கத்தில் எடுத்தால் லென்ஸ் வியர்த்துவிடும், துடைத்து முடிப்பதற்குள் மின்னல் போய்விடும். ஆகவே கடைசி அரை மணி நேரம் ஏசி கூடாது, கண்ணாடியெல்லாம் கீழே இறங்க வேண்டும். "ஏசி பந்த், பாய்," என்று எனக்குத் தனியாக இன்னொரு முறையும் சொன்னார். என் முகராசி அப்படி. ஓமான் கோடையில் ஏசியை அணைக்கச் சொல்கிறவனைக் கையெடுத்துக் கும்பிடலாம் என்று பொருமிக்கொண்டே அணைத்தேன்.

இரைச்சல் நின்றது. அனல் காற்று உள்ளே வந்து எங்கள் மேல் சாய்ந்தது. எதிரே ஊதா நிற மலை, அதற்கு மேல் பொங்கும் பாலாக மேகம். வெயில் மஞ்சளாகிச் சாலையே மிதப்பதுபோல் இருந்தது. எங்கோ பெய்துகொண்டிருந்த மழையின் மண்வாசனை எங்களைத் தேடி வந்தது. ஓட்டுவது நான்தானா என்றே சந்தேகமாக இருந்தது. அவள் கேமராவைத் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்திருந்தாள்.

"பொண்ணாத்தாங்க இருந்திருக்கும்," என்றாள், மலையைப் பார்த்தபடி.

எனக்கும் அப்படித்தான் தோன்றியிருந்தது. ஒரு பெயர்கூட மனதுக்குள் வைத்திருந்தேன். அதைச் சொன்னேன். அவள் அந்தப் பெயரை வாய்க்குள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாள். சொன்னால் நீ அழுவாய் என்றுதான், என்றேன்.

"நீங்க அழவே இல்லையேன்னுதான் நான் ஊருக்குப் போறேன்னு சொன்னேன்."

அதன் பிறகு எனக்குச் சாலை கலங்கித் தெரிந்தது. வைப்பர் போட்டால் சரியாகிற கலக்கம் இல்லை அது. மறைக்காமல் அழுதுகொண்டே ஓட்டினேன். அவள் என் தோளில் கை வைத்திருந்தாள்.

மழை பெய்தால் வெள்ளம் வரும் ‘வாதி’ என்கிற வறண்ட ஆற்றுப்படுகையை விட்டு விலகி, ஒரு மேட்டில் வண்டிகளை நிறுத்தச் சொன்னார் வழிகாட்டி. மலைக்குப் பின்னால் வானம் திறந்து திறந்து மூடியது. அவள் லென்ஸ் வியர்க்கவில்லை. எடுத்த படங்களில் ஒன்றே ஒன்றில் மின்னல் கோணலாக விழுந்திருந்தது. பெரிய பெரிய துளிகள் விழத் தொடங்கியதும் "யல்லா, யல்லா" என்று எல்லோரையும் வண்டிக்குள் விரட்டினார். அவள் தொப்பலாக நனைந்து வந்து உட்கார்ந்தாள்.

திரும்பும்போது பழக்கதோஷத்தில் என் கை ஏசி பொத்தானுக்குப் போயிற்று. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாங்க," என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "டிக்கெட் ரெண்டாப் போடுங்க. போயிட்டு வந்துருவோம்," என்றாள்.