காவலை விட்டு ஓடியவரின் பங்காளிகள்

அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிய எங்கள் செல்லக்கண்ணுவுக்கு ஊரெல்லாம் சிநேகிதர்கள். பங்காளி என்று சொல்லிக்கொள்ள மட்டும் ஒருவர்கூட இல்லை. தலைமுறை தலைமுறையாக ஒற்றைப் பிள்ளை வம்சம். 1978இல் மகள் அம்சவள்ளிக்குப் பங்குனியில் கல்யாணம் என்று முடிவானதும், பங்காளி இல்லாமல் பந்தக்கால் நடுவதா என்ற கவலை மனுஷரைப் பிடித்து ஆட்டியது.

அய்யம்பெருமாள் என்ற அவர் மூதாதை ஒரு பாளையத்து எல்லைக்காவல் படையில் இருந்தவராம். நவாபு படை வந்தபோது காவலையும் குடும்பத்தையும் விட்டுத் தப்பி, இங்கே வந்து மறுபடி கல்யாணம் செய்துகொண்டவர். இதைச் செல்லக்கண்ணு கூச்சமே இல்லாமல் சொல்வார். “அவரு ஓடுனதாலதான் நான் இருக்கேன்” என்பார். போகிப் படையலில் அவர்கள் வீட்டில் வேல்கம்பை முனை கீழாகச் சாத்துவார்கள். அப்படி ஒரு வழக்கம் வேறெங்கே இருக்கிறது என்று லோடு இறக்கும் ஊர்களிலெல்லாம் விசாரித்தார். அவர் தலையைக் கண்டாலே டீக்கடையில் ஆட்கள் எழுந்து போகும் அளவுக்கு விசாரித்தார்.

கடைசியில் ஒரு பஸ் கண்டக்டர், அரும்பாவூர்ப் பக்கம் அரியமுத்து என்பவர் வீட்டில் அப்படித்தான் என்றார். போகியன்று செல்லக்கண்ணுவோடு நானும் போனேன். படையலில் வேல்கம்பு முனை கீழாகத்தான் இருந்தது. பக்கத்தில் சோறு படைத்த ஓர் இலை, உட்கார ஆளில்லாமல்.

“இது யாருக்குங்க?” என்றார் செல்லக்கண்ணு.

“எங்க பாட்டன் அய்யம்பெருமாளுக்கு. எல்லையில நின்னு சண்ட போட்டுச் செத்தவரு. உடம்புகூடக் கெடைக்கல” என்றார் அரியமுத்து பெருமையாக.

உண்மையைச் சொன்னால் அவர்கள் வீரர் ஓடிப்போனவராகிவிடுவார். மறைத்தால் பங்காளி கிடையாது. செல்லக்கண்ணு துணிந்து எல்லாவற்றையும் சொன்னார், வந்த காரியத்தையும் சேர்த்து.

அரியமுத்துவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்குப் பயமாகத்தான் இருந்தது. அவர் மனைவி சிந்தாமணிதான் முதலில் சிரித்தார்.

“அப்ப மனுசன் பொழைச்சுத்தான் இருந்திருக்காரு. இத்தன காலமா வராதவருக்குச் சோறு போட்டோம். இப்பவாச்சும் ஆள் வந்தாச்சுல்ல. அந்த எலையில உக்காருங்க கொழுந்தனாரே, ஆறிடப் போவுது.”

செல்லக்கண்ணு கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அரியமுத்து கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, குழம்புச் சட்டியைத் தானே எடுத்து வந்து ஊற்றினார்.

“நல்லா சாப்புடு தம்பி. பந்தக்காலுக்கு எங்க எட்டு வூடும் வந்துடுவோம். நீ மட்டும் ஓடிடாத.”