பெக்கித் தகடும் ஒசியேல் இறக்கிய சுவிட்சும்

ஒன்பது வருடமாக ஒசியேலுக்கு ஆறாத வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. பிரேசிலின் கோயானியா நகரில், பேராசிரியை ஜுரேமாவின் கணினி அறையில் ஏசி நின்று இயந்திரங்கள் கருகப் போன நாளில், மெயின் சுவிட்சை இறக்கிக் காப்பாற்றியவர் அவர். ஏசி மெக்கானிக் வேறென்ன செய்வான்? ஜுரேமா ஓடி வந்து, மாணவர்கள் முன்னாலேயே கத்தினார்.

"கொலைகாரா! இருபது நாள் கணக்கு போச்சே!"

அன்றிலிருந்து சுவிட்சுப் பெட்டிக்குப் பூட்டு. சாவி அந்த அம்மாவின் கழுத்தில்.

ஜுரேமாவின் பிழைப்பே விசித்திரம். கையால் தொட ஒன்றும் கிடையாது. ஓர் அணு கனத்தில் கரித் தகட்டைக் கணினிக்குள்ளேயே பின்னுவார். அது குறைக்கடத்தியா, பேட்டரிக்குள் லித்தியத்தை ஏற்றி இறக்கினால் தாங்குமா என்று பார்ப்பார். அப்படிப் பிறந்ததுதான் பெக்கித் தகடு. அந்த ஊர்ப் பெக்கிப் பழத்தை நறுக்கின மாதிரி வளையங்கள். அதை நம்பி ஏழு பேர் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்கள்.

செப்டம்பர் வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மதியம், ஏசி வடிகட்டியைக் கழுவ வந்த ஒசியேல் வாசலிலேயே நின்றுவிட்டார். ஜுரேமா முகத்தில் ரத்தமே இல்லை.

"மேடம், மயக்கமா?"

"இங்க பாருங்க ஒசியேல்."

திரையில் ஒரு வலை. சூடு ஏற ஏற நெளிந்தது. ஓரத்தில் ஒரு கண்ணி விட்டது. அவ்வளவுதான், நூலை உருவினாற்போல் மொத்தமும் சிதறியது. ஒசியேல் திரையருகே குனிந்தார்.

"இது... நம்ம பெக்கியா?"

"அதேதான். செல்போன் சூட்டையே தாங்கல."

"பெக்கியக் கடிச்சா உள்ள முள்ளு குத்தும்னு இந்த ஊர்ல பச்சப்புள்ளைக்கும் தெரியும். நீங்க போயி இந்தப் பேர வெச்சீங்களே!"

ஜுரேமா திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்.

"அன்னைக்கு நீங்க அணைச்சது இந்தச் சூட்டுச் சோதனையத்தான். திரும்ப ஓட்ட நேரமில்ல. குளிர்ல நிக்குதே, சூட்டுலயும் நிக்கும்னு ஓட்டாமலே கட்டுரையில எழுதிட்டேன். போன மாசம் வெளியூர் ஆராய்ச்சிக்காரன் ஒருத்தன் அந்தக் கணக்கக் காட்டுன்னு கேட்டான். இல்லாதத எப்படிக் காட்டறது? இப்பதான் ஓட்டினேன்."

ஒசியேல் அவர் பக்கம் திரும்பினார். இத்தனை வருடம் சுமந்த பழி, அப்புறம் ஓட்டவே ஓட்டாத கணக்கு ஒன்றுக்காகவா?

"எனக்கு மட்டும் கொலைகாரன்னு பட்டமா?"

"பொய் எழுதினவ நான். இன்னும் மூணு தடவ ஓட்டறேன். மூணுலயும் உடைஞ்சா கட்டுரைய வாபஸ் வாங்கிடுவேன்."

ஜுரேமா கழுத்துச் சாவியைக் கழற்றி ஒசியேலின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

"அது முடியற வரைக்கும் இது உங்ககிட்டயே இருக்கட்டும். நடுவுல நானே வந்து நிறுத்தணும்னு அழுதாலும் குடுக்காதீங்க."