நங்கையின் ஆறு எண்கள்

எங்கள் வீடு கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம், கேரளத்தில் இருக்கிறது. செல்போன் டவருக்கு மட்டும் அது தெரியாது. அடுக்களையில் நின்றால் கேரளா, மாட்டுக் கொட்டகைக்குப் போனால் தமிழ்நாடு. ஓடிபி வந்து சேர்வதற்குள் அதன் ஆயுள் முடிந்திருக்கும். அதனால்தான் சிக்னலே இல்லாமல் ஆறு இலக்க எண்ணைக் காட்டும் ஆப் ஒன்றை வைத்துக்கொண்டேன். வீட்டிலிருந்தபடி கோவை கம்பெனி ஒன்றுக்குக் கணினி வேலை பார்ப்பவன் நான். பாஸ்வேர்டு என்றால் எல்லோரும் என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சநஞ்சமில்லை.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். பால் சொசைட்டிக்காக நங்கைக்கு ஒரு மெயில் தொடங்கி, அதற்கான எண்ணையும் என் ஆப்பிலேயே சேர்த்திருந்தேன். புதுப் போன் வாங்கியதும் பழையதை அவருக்குக் கொடுத்தேன். ஆப்பும் அதிலேயே இருந்தது; ஒன்றில் சேர்த்தாலும் அழித்தாலும் மற்றதிலும் அப்படியே ஆகும். என் ஆறு கணக்குகளும் அவருடைய ஒன்றும் இரண்டு போனிலும் தெரியும்.

ஒரு மத்தியானம் தண்ணீர் குடிக்கப் போனேன். நங்கை போனை டப்பாவில் சாய்த்துவைத்து, அந்த எண்களைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் நோட்டை மூடினார்.

"என்னங்க எழுதறீங்க?"

"ஒண்ணுமில்லீங் தம்பி. சும்மா."

அப்போது வீட்டில் தோட்டம் பிரிக்கும் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அண்ணன் சொல்லி என் மெயிலை வேவு பார்க்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். முப்பது நொடியில் காலாவதியாகும் எண்ணை எழுதிவைத்து யாரும் எதையும் திருட முடியாது. ஊருக்கே பாடம் எடுக்கும் எனக்கு அது உறைக்கவில்லை. கேட்டுவிடும் யோக்கியதையும் இல்லை.

மறுநாளே வேறு ஆப்புக்கு மாறினேன். அது எண்களை ஒரே போனில் மட்டும் வைத்திருக்கும், வேறெங்கும் பிரதி வைக்காது, விரல் வைத்தால்தான் திறக்கும். என் ஆறு கணக்குகளையும் மாற்றினேன். ஏழாவதாக நங்கையின் பெயர் இருந்தது. மறந்துவிட்டேன் என்று சொல்ல ஆசைதான். மறக்கவில்லை, பார்த்தேன். இவருக்கு இது எதற்கு என்று அதையும் சேர்த்துப் பழைய ஆப்பில் இருந்த எல்லாவற்றையும் அடியோடு அழித்தேன். அன்று சோறு நன்றாகவே இறங்கியது.

நான்காம் நாள் நங்கை போனோடு என் அறை வாசலில் வந்து நின்றார்.

"தம்பி, அந்த நெம்பரு ஒண்ணையுமே காணோமுங்க. நான் ஏதாச்சும் தப்பா அமுக்கிப்போட்டனா?"

"உங்களுக்கு எதுக்குங்க அது?"

அவர் அடுக்களைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "பத்தாவது பரீச்ச எழுதலாம்னு இருக்கறனுங்க. ஞாயித்துக்கெழம மகளிர் குழு அயல்கூட்டம்னு சொல்லிட்டு கிளாசுக்குத்தான் போறேன். சிரிப்பாங்கன்னு ஊட்டுல சொல்லல. அந்த மெயில்லதான் எல்லாம் ஏத்தி வெச்சிருக்கறேன். அப்ளிகேசன முடிக்க நாளைக்குக் கடைசி நாளுங்க."

எட்டாவதோடு பள்ளியை நிறுத்தியவர் அவர். ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்குள் எண் மறந்துவிடும் என்றுதான் நோட்டில் எழுதியிருக்கிறார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. "சர்வர்ல ஏதோ கோளாறுங்க, பார்க்கறேன்" என்றேன்.

மெயிலை மீட்கப் பார்த்தால், அதற்கு நான் கொடுத்திருந்தது என் தமிழ்நாட்டு நம்பர். எல்லையில் இருக்கும் எங்களுக்கெல்லாம் அந்தப் பக்கத்துக்கு ஒன்று, இந்தப் பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு சிம் இருக்கும். ஒரே சிம்மே இரண்டு பக்கமும் போதும் என்றானபின் பொள்ளாச்சியில் வாங்கிய அதை ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டேன். அந்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை. வேறு மெயிலில் புதிதாக விண்ணப்பித்தால், இந்த ஆதார் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்றது இணையதளம். மறுநாள் மாலை ஐந்து மணிவரை முட்டிமோதினேன். ஐந்து மணிக்கு விண்ணப்பப் பக்கம் மூடிக்கொண்டது.

"ஒரு வருசந்தானுங்களே, உடுங்க. நீங்க எனக்காக வேலையெல்லாம் போட்டுட்டு உக்காந்தீங்களே, அதே போதும்" என்றார் நங்கை. உண்மையைச் சொல்ல அப்போது வாய் வரவில்லை.

போன வாரம் மறுபடி பதிவு தொடங்கியிருக்கிறது. பழைய பதிவை நீக்கியாயிற்று, புது மெயிலும் நானே போட்டுத் தருகிறேன் என்று வகுப்பு டீச்சர் சொன்னாராம். நங்கை அதைக் கேட்டுக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"நீங்களே போட்டுக் குடுத்துருங்க தம்பி. வேற ஒருத்தர நம்பிப் போனக் குடுக்க மனசு வரமாட்டீங்குது" என்று நீட்டினார்.

நான் வாங்கிக்கொண்டேன்.