இரண்டு பேருக்கும் நடுவில் அக்கா

என் அக்கா டெலிபோன் எக்சேஞ்சில் வேலை பார்த்தாள். வெளியூருக்குப் பேச வேண்டுமானால் நம்பரைப் பதிந்துவிட்டுக் காத்துக் கிடக்க வேண்டிய காலம் அது. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எதிரே உள்ள பலகையின் துளைகளில் ஒயரைச் சொருகி, "பேசுங்க" என்பாள். அந்த ஒரு வார்த்தையில் அவ்வளவு மரியாதை இருக்கும். வீட்டில் தங்கச்சி எனக்கு அதில் கால்வாசி கூடக் கிடைத்ததில்லை.

மழை வந்தால் லைன் இரையும். இந்த ஊர்க்காரர் தொண்டை கிழியக் கத்தினாலும் அந்த ஊர்க்காரருக்குக் கேட்காது. நடுவில் இருக்கும் அக்காவுக்கு மட்டும் இரண்டு பக்கமும் கேட்கும். அப்போது அவளே வாங்கி வாங்கிச் சொல்வாள். அதற்கு அங்கே ஒரு கண்டிப்பான வழக்கம் உண்டு. "அவர் வரலையாம்" என்று சொல்லக் கூடாது. "நான் வரலை" என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு சொல்லைக் கூட்டவும் கூடாது, விழுங்கவும் கூடாது. ஆக, காலையில் மாமனாராகக் கோபித்துக்கொள்வாள், மத்தியானம் மருமகளாகச் சமாதானம் சொல்வாள், சாயங்காலம் லாரி டிரைவராக டயர் வெடித்த கதையை அளப்பாள்.

ஒரு நாள் அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அப்பா போயிட்டாருண்ணே, உடனே கிளம்பி வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். டிபன் கேரியரை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். எங்கள் அப்பா காலையில் பிரித்த அதே பேப்பரைப் படித்துக்கொண்டு, ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று என்னைக் கேட்டார். இதைச் சொல்லிச் சொல்லியே அக்கா என்னைப் பல வருஷம் கிண்டல் செய்தாள். எத்தனையோ குரலை வாயில் வைத்திருந்தவள்.

ஓய்வு பெற்ற பிறகு, தொண்டையில் ஒரு ஆபரேஷன் செய்யப் போய், அக்காவுக்குக் குரலே இல்லாமல் போனது. உதடு மட்டும் அசையும். அந்த அசைவு அத்தான் ஒருவருக்குத்தான் புரிந்தது. அத்தான் இன்ஷூரன்ஸ் ஏஜென்டாக இருந்தவர். யார் மனசும் நோகாமல் பேசியே குடும்பத்தைக் காப்பாற்றியவர். அந்தப் பழக்கம் எங்கே போகும்? உறவுக்காரர் ஒருவர் புது வீட்டைச் சுற்றிச் சுற்றிக் காட்டியபோது, அக்கா உதட்டை அசைத்தாள். "ரொம்ப லட்சணமா இருக்குன்னு சொல்றா" என்றார் அத்தான். அவள் சொன்னது, தலை வலிக்கிறது, கிளம்பலாம் என்பது. அதற்குப் பிறகு அந்தச் சமையலறையை வேறு பார்க்க வேண்டியிருந்தது.

இப்படிப் பல தடவை நடந்தது. கடைசியில் அக்கா உதட்டை மூடிக்கொண்டாள். எழுத்தைத் தட்டினால் வாய்விட்டுப் படிக்கிற போன் ஒன்றை வாங்கி வரும்படி எழுதிக் காட்டினாள். அதில் ஒரு பெண் குரல். உப்பு குறைவு என்பதையும் உடம்பு சரியில்லை என்பதையும் அது ஒரே மாதிரி சொல்லும். அதனோடு சண்டை கூடப் போட முடியாது. அத்தான் வேலை போனவர் மாதிரி வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தார். அவர் கேட்டால் போன் பதில் சொல்லும். அந்த மனுஷன் அப்படி வாடியதை நான் அதுவரை பார்த்ததில்லை.

அக்கா மகள், தோழிகளோடு சேர்ந்து நிகழ்ச்சிகள் நடத்துகிறவள். கதை கிடையாது, வேஷம் கிடையாது. பார்க்க வந்தவர்களையே எதையாவது செய்ய வைப்பாள். எனக்கு அதெல்லாம் பிடிபடாது. இந்தத் தடவை பூட்டிக் கிடந்த பழைய எக்சேஞ்ச் கட்டடத்தையே பிடித்தாள். இரண்டு ஓரத்திலும் கண்ணாடிக் கூண்டு, நடுவில் அந்தப் பழைய பலகை, அதன் முன்னால் அக்கா. கூண்டுக்குள் போகிறவர்கள் பேசுவது அக்காவின் காதுக்கு மட்டும் வரும். அவள் போனில் தட்ட, போன் அதை எதிர்க் கூண்டுக்கும் கூடத்துக்கும் சொல்லும்.

முதலில் எல்லாரும் வேடிக்கையாகப் பேசினார்கள். அப்புறம், பார்க்க வந்த ஒரு அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு கூண்டுக்குள் போனார்கள். இன்னும் கோபமா என்று தம்பி கேட்டான். எதிர்க் கூண்டில் அந்தப் பெண் அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். "இல்லடா" என்றது போன், ரயில் வருவதை அறிவிப்பது போல. கூடம் முழுக்கச் சிரிப்பு. கண்ணாடி வழியாக அந்தப் பெண் அதைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். முன்வரிசையில் இருந்த அத்தானை விரலால் கூப்பிட்டாள். அவர் தயங்கிக்கொண்டே போய்ப் பக்கத்தில் மைக் முன்னால் உட்கார்ந்தார். அவள் உதடு அசைந்தது.

"இல்லடா" என்றார் அத்தான், மெதுவாக. தம்பி கூண்டுக்குள் அழ ஆரம்பித்தான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

கடைசியில் அக்கா மகளே கூண்டுக்குள் போய், கதவை மூடாமல் நின்றாள். ஊர்ப் பேச்சையெல்லாம் பேசினாயே, உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லையா என்று அம்மாவைக் கேட்டாள். அக்கா அத்தான் பக்கம் திரும்பி, நிதானமாக உதட்டை அசைத்தாள்.

"அவ என்ன சொல்றான்னா..." என்று ஆரம்பித்தார். அக்கா பலகையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவருக்கு வழக்கம் தெரியும். மறுபடி தொடங்கினார்.

"இவரை நம்பி நான் ஒரு வார்த்தை சொல்ல முடியலை. கசப்பைக் கொடுத்தா சர்க்கரை போட்டுத் தர்றார்."

கூடம் சிரித்தது. அத்தான் சிரிக்கவில்லை. அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மறுபடி அசைந்தது.

"ஆனா இவருக்கு முன்னாடி நான் போயிடணும். இவர் போயிட்டா, நான் பேசறது யாருக்கும் புரியாது. எனக்குப் பயமா இருக்கு."

ஒரு சொல்லைக் கூட்டவில்லை, விழுங்கவும் இல்லை. அவருடைய கட்டைக் குரலில் நான் கேட்டது என் அக்காவைத்தான்.

வீட்டுக்குத் திரும்பும்போது, நிகழ்ச்சி நன்றாக இருந்தது என்று அக்காவிடம் சொன்னேன். அவள் உதடு அசைந்தது. அத்தான் என்னைப் பார்த்துச் சங்கடமாக நெளிந்தார்.

"பரவாயில்லை, சொல்லுங்க" என்றேன்.

"பொய் சொல்லாதடி. நீ பாதியில தூங்கினதை நான் பார்த்தேன்."

அக்கா, ஆமாம் என்று தலையாட்டினாள்.