கோட்டைக்குப்பத்தில் ஒரு பால் பண்டிகை

மீன் படாத சட்டி ஒன்று வேண்டும் என்று தம்பி கேட்டபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். பழவேற்காட்டு ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் மீனவக் குப்பத்தில் அப்படி ஒரு சட்டி கிடையாது. சோறு வடிக்கிற குண்டானில்கூட என்றைக்காவது நண்டு வெந்திருக்கும். இது அவனுக்குத் தெரியாததில்லை. இதே வீட்டில் தின்று வளர்ந்தவன்தான். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போய், கல்யாணம் செய்துகொண்டு, மனைவியோடு திரும்பி வந்ததும் ஓட்டலில் மெனு கார்டு பார்க்கிறவன் மாதிரி கேட்கிறான்.

அவன் மனைவி யூதப் பெண். சிறு வயதிலிருந்தே மீனும் கறியும் சாப்பிடாதவள். அவர்கள் வந்திருந்த நேரத்தில் அவர்களுடைய பண்டிகை ஒன்று வந்தது. அன்றைக்குப் பாலில் செய்த பண்டங்களைச் சாப்பிடுவது வழக்கமாம். ஏன் பால் என்று கேட்டேன். வேதம் கிடைத்த நாள், கறி சமைக்கும் விதிகள் அன்றுதான் தெரிந்தன, அதனால் பாலோடு நிறுத்திக்கொண்டார்கள் என்றான். அரை மணி கழித்து வேறொரு காரணம் சொன்னான். சாயங்காலம் மூன்றாவதாக ஒன்று வந்தது. பால் எங்கே கிடைக்கும் என்பதற்கு மட்டும் அவனிடம் பதில் இல்லை.

இதில் என் தலை உருண்டதற்குக் காரணம் எங்கள் அப்பா. நைனா என்றுதான் கூப்பிடுவோம். தம்பி சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போட்டோ அனுப்பியதிலிருந்து நைனா அவனோடு சரியாகப் பேசுவதில்லை. அம்மா இல்லாத வீடு. நைனாவைச் சமாதானப்படுத்துவதற்கு இருப்பது நான் ஒருத்திதான். பக்கத்து வீட்டில் குடியிருப்பதால் எல்லாப் பஞ்சாயத்தும் என் தலையில்தான் விடியும். தம்பி மனைவியிடம் நைனா அவள் வந்த நாளிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் கூடத்தில் உட்கார்ந்திருப்பாள். நைனா அவள் எதிரிலேயே நின்றுகொண்டு என்னைப் பார்த்து, "அந்தப் பொண்ணு டீ குடிக்குமா இன்னான்னு கேளு" என்பார். நான் கேட்பேன். அவள், "மாமாவுக்கு நன்றி சொல்லுங்க அண்ணி" என்று தம்பி கற்றுக்கொடுத்த தமிழில் என்னிடமே சொல்வாள். கையை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு நடுவே நான் தபால்காரி.

பண்டிகைக்கு முந்தின வாரம் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னான்.

"அக்கா, இதுக்கு மேல முடியாது. அவ ராத்திரில அழுவுறா. பண்டிகை முடிஞ்ச மறுநா கெளம்பறோம். இனிமே நான் மட்டும் எப்பவாச்சும் வந்துட்டுப் போறேன். அவள இட்டுக்கினு வரமாட்டேன்."

அவள் வராவிட்டால் அவனும் வரமாட்டான் என்பது எனக்குத் தெரியும். முதல் வருஷம் ஏதாவது காரணம் சொல்வான், அப்புறம் அந்தக் காரணமும் நின்றுவிடும். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு எல்லோரையும் ஒன்றாக உட்கார வைத்துவிட்டால் ஏதாவது நடக்கும் என்று நினைத்தேன். அதனால்தான், மீஞ்சூருக்குப் போய்ப் புதுச் சட்டி, புதுத் தோசைக்கல், புதுக் கரண்டி எல்லாம் வாங்கி வந்தேன். என் வீட்டுக்காரர் மீஞ்சூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். இந்தக் கூத்தைப் பார்த்துவிட்டு அந்த வாரம் முழுக்க டபுள் ஷிப்ட் போட்டுக்கொண்டார். புத்திசாலி.

முந்தின நாள் நைனா வீட்டு அடுப்படியில் ஒத்திகை பார்த்தோம். மைதாவும் முட்டையும் கரைத்து மெல்லிசாகத் தோசை சுட்டு, உள்ளே இனிப்புப் பன்னீர் வைத்து மடித்து நெய்யில் புரட்ட வேண்டும். பன்னீர் கடையில் இல்லை. பால் கொதிக்கும்போது எலுமிச்சம்பழம் பிழிந்து நாமே திரிய வைத்துக்கொள்ளலாம் என்று தம்பி மனைவி சொன்னாள். நான் பிழிந்துகொண்டிருந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அத்தை உள்ளே வந்தாள்.

"அடிப்பாவி, பால் திரிஞ்சி போச்சேடி!"

"நான்தான் அத்தை திரிய வெக்கிறேன்."

"பண்டிகைன்ற. நல்ல நாளும் அதுவுமா பாலு பொங்கணும்டி, திரியக் கூடாது. எந்த ஊர்லடி இந்த மாதிரி பண்ணுவாங்கோ?"

பொங்கலுக்குப் பொங்கல் பால் பொங்குகிறதா என்று பானையையே பார்த்துக்கொண்டு நிற்கிற ஊர் இது. அத்தை சொன்னது நியாயம்தான். அத்தை நெற்றியில் கை வைத்துக்கொண்டு போனாள். அரை மணி நேரத்தில் நான் பாலைத் திரிய வைத்த செய்தி தோணிரேவு வரைக்கும் போயிருக்கும். அவ்வளவு பாலுக்கும் ஒரு பிடி பன்னீர்தான் தேறியது என்பது தனி வயிற்றெரிச்சல்.

சீஸ் கேக் என்று ஒன்று. அதற்கு ஓவன் வேண்டுமாம். எங்களிடம் இருப்பது குக்கரும் மணலும். குக்கருக்குள் மணலைக் கொட்டிச் சூடாக்கி, கிண்ணத்தை அதன் மேல் வைத்து மூடினோம். நடுவில் குழியாக அமுங்கி, அடியில் கருகி வந்தது. தம்பி மனைவி அதைப் பார்த்துக் கைதட்டினாள். ரொம்ப நன்றாக வந்திருக்கிறது என்றாள். பொய் சொல்லக்கூடத் தெரியாத பெண் என்று அப்போதுதான் அவள் மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் வந்தது.

மறுநாள் பண்டிகை. அவர்களுக்கு நாள் சாயங்காலம்தான் தொடங்கும். காலையிலேயே தம்பி மனைவி எழுந்து வாசலுக்குப் போயிருக்கிறாள். வீட்டைப் பச்சை இலைகளால் அலங்கரிப்பது அவர்கள் வழக்கமாம். கத்திரி வெயிலில் எங்கள் குப்பத்தில் பச்சையாக இருப்பது ஒரே ஒரு மரம். அதில் கொத்துக் கொத்தாக ஒடித்து வாசல் நிலை முழுக்கச் செருகிவிட்டாள்.

வேப்பிலை.

கோடை காலத்தில், வாசலில் வேப்பிலை. ஊர் என்ன நினைக்கும்? தெருவில் போகிறவர்கள் எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததும் ஒதுங்கி நடந்தார்கள். நான் குனிந்து பன்னீர் பிசைந்துகொண்டிருந்ததால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மதியத்துக்கு மேல் எதிர்வீட்டு அத்தை தெருவிலேயே நின்றபடி கத்தினாள்.

"ஏண்டி, யாருக்குடி அம்மை வாத்துக்கீது? வெள்ளக்காரப் பொண்ணுக்கா? அதான் நேத்தே சொன்னேனே, பால திரிய வெக்காதன்னு!"

நான் வெளியே ஓடி வந்து பார்த்தேன். வாசல் மாரியம்மன் கோயில் மாதிரி இருந்தது. அதைவிடப் பெரிய இடி, பால்காரர் வந்து பார்த்துவிட்டு, அம்மை போட்ட வீடு என்று நினைத்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாராம். கேக்குக்கும் மீதிப் பன்னீருக்கும் சொல்லி வைத்திருந்த பால் அத்தனையும் போச்சு. தம்பியைப் பழவேற்காட்டுக்கு அனுப்பலாம் என்றால், அவன் வாசலில் அமர்ந்து தன் மனைவிக்கு அம்மை என்றால் என்ன என்று விளக்கிக்கொண்டிருந்தான். அவள் முகம் தொங்கிவிட்டது. திட்டவும் முடியாமல், சிரிக்கவும் முடியாமல், நானே பையை எடுத்துக்கொண்டு வெயிலில் கிளம்பினேன்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போனேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெறும் இனிப்பையும் நெய்யையும் வைத்தால் நைனா தட்டைத் தொடமாட்டார். ஆகவே, புதுச் சட்டியில் கத்திரிக்காயும் உருளைக்கிழங்கும் போட்டுக் காரக்குழம்பு வைத்திருந்தேன். மீன் இல்லை, கருவாடு இல்லை. எல்லோரும் ஒரே குழம்பைச் சாப்பிடலாம். அடுப்பைச் சிறிதாக்கிவிட்டுப் போனேன். நைனாவுக்கு அன்று ஏரியில் பாடு இல்லை, அதாவது வலை கட்டுவது வேறு ஆட்களின் முறை. அவர் வீட்டில்தான் சுருண்டு படுத்திருந்தார்.

பஜாரில் பாக்கெட் பால் தேடி அலைந்து, ஆட்டோவில் திரும்பி வந்து, மூச்சு முட்ட வேலை செய்து, விளக்கு வைக்கும் நேரத்துக்கு எல்லாவற்றையும் முடித்தேன். தம்பி மனைவி மெழுகுவத்தி ஏற்றி, கண்ணை மூடி ஏதோ சொன்னாள். நைனா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டதும் வந்து உட்கார்ந்தார். சண்டை போடாமல் வந்து உட்கார்ந்ததே எனக்குப் பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

தம்பி மனைவிக்குச் சோறு வைத்துக் குழம்பை மொண்டேன். கரண்டியில் கத்திரிக்காய்க்குப் பக்கத்தில் மெல்லிய மீசை ஒன்று மிதந்தது. பக்கத்திலேயே கறுப்புப் புள்ளி மாதிரி இரண்டு கண்.

சென்னாக்கூனி. காய வைத்த பொடி இறால். எங்கள் ஊரில் எந்தக் குழம்பு சப்பென்று இருந்தாலும் ஒரு பிடி வறுத்து, கையாலே நொறுக்கிப் போட்டுவிடுவார்கள். அது மீன் கணக்கில் சேராது. மிளகுத்தூள் மாதிரி, பெருங்காயம் மாதிரி, அதுவும் ஒரு தூள். யூதர்களில் மீன் சாப்பிடுகிறவர்கள்கூடச் செதிலும் துடுப்பும் உள்ளதைத்தான் சாப்பிடுவார்கள், இறாலை எப்படியும் தொடக்கூடாது என்று தம்பி எனக்குப் பாடமே எடுத்திருந்தான். ஏரியில் இருக்கிற இத்தனை ஜீவராசியில், அந்தச் சட்டிக்குள் போய் விழுவதற்கு அதுதானா கிடைத்தது?

"யாரு இதுல கூனி போட்டது?" என்று கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது. ஆனால் காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அத்தனையும் சேர்ந்து வந்துவிட்டது.

நைனா நிமிரவே இல்லை. "நான்தான்" என்றார். "நீ பாலுக்குப் போயிருந்தப்ப ஒரு சொட்டு நாக்குல வெச்சிப் பார்த்தேன். ஆஸ்பத்திரிக் கொயம்பு மாதிரி கீது. அந்தப் பொண்ணுக்குப் பண்டிக. தாய் தகப்பன வுட்டு இம்மாந் தூரம் வந்து கீது. ஊரே அம்மைன்னு ஒதுங்கிப் போச்சுன்னு மூஞ்ச தொங்கப் போட்டுக்கினு ஒக்காந்துக்கினு இருந்துச்சு. நல்லதா ஒரு வாய் துன்னட்டும்னு... நம்மூட்டுக் கூனிதான், சுத்தமா மணல் இல்லாம பொறுக்கி வறுத்துப் போட்டேன்."

"இறால் அவங்களுக்கு ஆவாது நைனா! எத்தினி தபா சொன்னேன்!"

"மீனுன்னுதான சொன்ன. கூனி எங்க மீனு?"

தம்பி தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். அவன் வாயைத் திறந்தால் எல்லாம் முடிந்தது. அதற்குள் அவன் மனைவி அவன் சட்டையைப் பிடித்து இழுத்து, மாமா என்ன சொன்னார் என்று கேட்டாள். அவன் நின்றபடியே, கோபத்தோடு, இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினான். சொல்லச் சொல்ல அவன் குரல் இறங்கிக்கொண்டே போனது. மணல் இல்லாமல் பொறுக்கி என்கிற இடத்தில் உட்கார்ந்து, தள்ளிவிட்ட தட்டை மறுபடி இழுத்து வைத்துக்கொண்டான்.

அவள் நைனாவைப் பார்த்தாள். நைனா முதன்முறையாக அவள் கண்ணைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை, கேளு என்று சொல்லவில்லை. நேராக அவளிடம் கேட்டார்.

"அப்ப இன்னாதாம்மா துன்னுவ நீ?"

அவள் நெய்யில் புரட்டிய பன்னீர் தோசை ஒன்றை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். "இது மாமா" என்றாள்.

நைனா அதைப் பிட்டு வாயில் போட்டார். கஷாயம் குடிக்கிற முகம். ஆனாலும் முழுசாக மென்று விழுங்கினார். "ம். துன்னலாம்" என்றார். அப்புறம் அவளே இன்னொன்று வைத்தாள், அதையும் சாப்பிட்டார். நான் குழம்புச் சட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு அழுகை வந்தது, அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. இந்த ஒரு கேள்வியை அவள் வந்து இறங்கிய அன்றே கேட்டுத் தொலைத்திருக்கக் கூடாதா? நான் மீஞ்சூருக்கும் பழவேற்காட்டுக்கும் ஓடி ஓடி என்னத்தைக் கண்டேன்?

"அடுத்த வருசம் எப்பம்மா வருது இந்தப் பண்டிக?" என்று நைனா அவளிடமே கேட்டார். அவளுக்குப் புரியவில்லை. தம்பி சொன்னான். அவள் தலையை ஆட்டி, "வர்றோம் மாமா" என்றாள். "பாக்கெட் பாலு வேணாம்" என்றார் நைனா. "நான் ஒரு மாடு புடிச்சிக் கட்டறேன்."

ஏதோ சந்தோஷத்தில் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். பிறந்ததிலிருந்து வலையைத் தவிர வேறெதையும் கையில் பிடிக்காத மனிதர். அவர்கள் ஊருக்குப் போன கொஞ்ச நாளில் பொன்னேரிப் பக்கம் போனவர், நிஜமாகவே ஒரு மாட்டையும் கன்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். சுற்றிலும் உப்புத் தண்ணீர், ஒரு பிடி புல் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோ காலில் மருமகளுக்கு மாட்டைக் காட்டுகிறார். அவள் அதற்கு ஒரு பெயர்கூட வைத்திருக்கிறாள். அவர்கள் இருவரும் எந்த மொழியில் பேசிக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, யாரும் என்னை நடுவில் கூப்பிடுவதில்லை. வைக்கோல் வாங்கி வருவது, சாணி அள்ளுவது, கறக்கப் போய் உதை வாங்குவது மட்டும் நான். பண்டிகைக்கு இன்னும் பல மாதம் இருக்கிறது. இதை எழுதிக்கொண்டிருக்கும்போதுகூட மாடு கொல்லையில் நின்று கத்துகிறது. நைனா, "இன்னாமா, அதுக்குத் தண்ணி காட்டுனியா?" என்கிறார்.