ஒற்றை ஆளின் குடும்ப ஜெபம்

எங்கள் வீட்டில் காலை ஜெபம் என்றால் ஒரே சத்தமாக இருக்கும். திருநெல்வேலிப் பக்கத்துச் செம்மண் ஊர். விடியுமுன் அப்பா விளக்கைத் தூண்டிவிட்டு ஒரு கீர்த்தனையை எடுப்பார். பாயில் சுருண்டு கிடக்கும் நாங்கள் ஒவ்வொருவராக எழுந்து தூக்கக் குரலிலேயே சேர்ந்துகொள்வோம். அம்மா அடுப்படியிலிருந்தே பாடுவாள். அப்பா ஜெபித்து முடித்ததும் எல்லோரும் ஆமென் சொன்னால்தான் காப்பி.

நர்ஸ் படிப்பு முடித்ததும், பிரசவம் பார்க்க என்னைத் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமத்துக்கு அனுப்பினார்கள். பார்த்த இடமெல்லாம் வயல். ஒரு மிராசுதார் வீட்டின் பின்கட்டில் அறை வாடகைக்குக் கிடைத்தது. ஊரில் கிறிஸ்தவள் நான் ஒருத்திதான். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலுக்குப் போக பஸ் பிடிக்க வேண்டும்.

முதல் நாள் விடியலில் வழக்கம்போலப் பாட ஆரம்பித்தேன். இரண்டாவது அடியிலேயே என் குரல் எனக்கே யாருடையதோ போலக் கேட்டது. மிராசுதாரின் மனைவி கொல்லைப் பக்கம் வந்து நின்றார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க. பாட்டு மட்டும் வேணாமே. மாமனார் பூஜை பண்ற நேரம்," என்று தன்மையாகத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து உதடு மட்டும் அசையும். அப்பா சொல்வதையும் நானே சொல்லி, ஆமெனையும் நானே சொல்லி எழுவேன். லீவில் ஊருக்குப் போகும்போது, "ஜெபம் தவறாமப் பண்ணுதியா?" என்று அப்பா கேட்பார். "பண்ணுதேன்" என்பேன். எப்படி என்று சொல்லமாட்டேன்.

கோட்டையில் ஆட்சி மாறியிருந்த காலம் அது. டீக்கடை வாசலில் கருப்பு சிவப்புக் கொடி பறந்தது. வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், கூலியாட்கள் தெருவில் செங்கொடி. சம்பா அறுவடைக்குக் கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு அவர்கள் வேலையை நிறுத்தினார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள். களத்தில் கைகலப்பு. போலீஸ் வேன் வந்து அகப்பட்ட ஆண்களையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனது. மற்றவர்கள் எங்கோ மறைந்துபோனார்கள்.

"இப்போதைக்கு அந்தப் பக்கம் போகாதீங்கம்மா," என்றார் எங்கள் வீட்டு மிராசுதார்.

"பிரசவ வலி சொல்லிட்டா வருதுங்க?" என்றேன்.

சில நாள் கழித்து, நான் முழங்காலில் நின்றுகொண்டிருந்தபோது கொல்லைக் கதவு மெல்லத் தட்டப்பட்டது. நடுவயதுப் பெண் ஒருத்தி, முழங்கால் வரை சேறு. தெரு வழியே வரப் பயந்து வாய்க்காலில் இறங்கி வந்திருந்தாள்.

"மருமவளுக்கு வலி கண்டுடுச்சுங்க. எம்மவனப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க. எனக்கு ஒண்ணும் தெரியலீங்கம்மா."

ஜெபத்தைப் பாதியில் விட்டுப் பையை எடுத்தேன். அவளை அழைத்துக்கொண்டு பெரிய தெரு வழியாகவே நடந்தேன். ஒவ்வொரு வாசலிலும் யாராவது பார்த்தார்கள். அவள் குடிசையில் மருமகள் வயிற்றில் குழந்தை தலை மேலும் கால் கீழுமாக மாறிக் கிடந்தது. வெயில் உச்சிக்கு ஏறியபின்தான் பெண் குழந்தை பிறந்து அழுதது. திரும்பி வந்தால் என் டிரங்குப் பெட்டி கொல்லையில் இருந்தது.

"ரூம் எங்களுக்கே தேவைப்படுதுங்க," என்றார் மிராசுதாரின் மனைவி, என் முகத்தைப் பார்க்காமல்.

வாய்க்கால் கரையில் நான் வேலை பார்த்த அரசாங்கப் பிரசவ நிலையத்திலேயே குடியேறினேன். அக்கம்பக்கம் வீடு கிடையாது. இனி எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பாடலாம். ஆனால் பழகிப்போன உதடு மட்டும்தான் அசைந்தது.

ஒரு நாள் விடியலில் கதவைத் திறந்தபோது, அன்று மருமகளுக்காக என்னைக் கூப்பிட வந்த பெண் படியில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளைக்கு என்னவோ என்று பதறினேன்.

"புள்ள நல்லாருக்குதுங்க. அன்னிக்கு நான் வந்து உங்க சாமி கும்புடறதக் கெடுத்துட்டேன். இன்னிக்குக் கும்புடுங்க. கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா. ஆம்பளைங்க இல்லாம எங்க தெருவே பேச்சுமூச்சு இல்லாமக் கெடக்கு."

உள்ளே கூப்பிட்டேன். வரமாட்டேன் என்று படியிலேயே இருந்துகொண்டாள். வாய்விட்டு ஜெபித்தேன். அவள் மகன் வீடு திரும்ப வேண்டும் என்றும் கேட்டேன். முடித்தபோது, "ஆமாங்க," என்றாள் அழுத்தமாக. நான் திருத்தவில்லை.

அதன்பின் தினமும் வந்தாள். நாங்கள் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அவள் வரும் காலடிக்காகவே நான் முன்னதாக எழுந்து முகம் கழுவிக் காத்திருப்பேன்.

காவிரித் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கும் சமயம் ஆண்களை விட்டார்கள். கூலியும் ஏதோ பேசி முடிந்தது. அவள் வருவது நின்றது. ஒரு நாள் நடவு வயலில் பார்த்தேன். நாற்றுமுடியோடு கரைக்கே ஓடி வந்தாள். முகம் அப்படி மலர்ந்திருந்தது.

"வர முடியலீங்கம்மா. விடியக்காலம் அவனுக்குக் கஞ்சி வச்சு அனுப்பணும். புள்ளய வேற பாத்துக்கணும்."

"வர வேணாம். மகனைப் பாருங்க," என்றேன். மனதாரத்தான் சொன்னேன். ஆனால் வரப்பில் திரும்பி நடக்கையில் கண்ணீர் நிற்கவில்லை. அவன் வர வேண்டும் என்றுதானே அத்தனை காலையும் கேட்டேன்? வந்துவிட்டான்.

மறுநாள் அதற்கு நன்றி சொன்னேன். கதவைச் சாத்த மனம் வரவில்லை. மாற்றலாகிப் போகும்வரை விடியலில் அந்தக் கதவு திறந்தேதான் இருந்தது. மார்கழியில் வயல் பனி உள்ளே வந்து தரையெல்லாம் சில்லிட்டுக் கிடக்கும்.